2011 முதல் பிட்காயின்: கையில் நின்றதும் கைவிட்டுப் போனதும்

2011 ஜூன் மாதம் பிட்காயின் மென்பொருளை முதல்முறையாக என் கம்ப்யூட்டரில் இறக்கினேன். கோயம்புத்தூரில் வாடகை வீடு, 512 கேபிபிஎஸ் பிராட்பேண்ட். பிட்காயின் பரிவர்த்தனைகள் எல்லாம் பதிவாகும் பொதுக் கணக்கேட்டைப் பிளாக்செயின் என்பார்கள். அது மொத்தமும் அப்போது ஒரு ஜிபி கூட வராது. ஆனாலும் என் லைனில் அது முழுதாக இறங்கி முடிய ஒன்றரை நாள் பிடித்தது. இன்று அது 600 ஜிபியைத் தாண்டி நிற்கிறது. பிட்காயின் வாங்கலாமா, விலை ஏறுமா என்று சொல்ல இதை எழுதவில்லை. இத்தனை வருடம் வைத்திருந்ததில் எது எனக்குக் கைகொடுத்தது, எங்கே தவறவிட்டேன் என்பதை மட்டும் எழுதுகிறேன். இப்போது என்னிடம் எவ்வளவு இருக்கிறது என்பதைச் சொல்ல மாட்டேன். அதற்கான காரணம் பின்னால் வரும்.

அன்றைக்கு இந்தியாவிலிருந்து காசு கொடுத்து வாங்குவது சுலபமில்லை. அதனால் மைனிங்தான், அதாவது கம்ப்யூட்டரைக் கணக்குப் போடவிட்டு அதற்குக் கூலியாகக் காயின் வாங்குவது. கேம் விளையாட வாங்கிய ஒரு ரேடியான் 5770 கிராபிக்ஸ் கார்டு இருந்தது. அதை ஒரு பூலில், பலர் சேர்ந்து மைனிங் செய்து பங்கு பிரிக்கும் குழுவில், சேர்த்து ஓட்டினேன். நாள் முழுக்க ஓடினால் ஒரு காயினில் எட்டில் ஒரு பங்கு கிடைக்கும். கரண்ட் ஏறக்குறைய 4 யூனிட் ஆகும். ஜூன் தொடக்கத்தில் ஒரு காயின் 30 டாலரைத் தொட்டது, அப்போது கணக்கு நன்றாகவே இருந்தது. நவம்பரில் அதே காயின் 2 டாலர் அருகே வந்து நின்றது. ஒரு நாள் வருமானம் பதினைந்து ரூபாய்கூடத் தேறவில்லை. கரண்டுக்கே அது சரியாகப் போய்விடும். தெரிந்தவர்கள் பலர் அந்த மாதம்தான் கார்டை விற்றார்கள். நான் இரவில் மட்டும் ஓட்டலாம் என்று விட்டுவைத்தேன். எதிர்காலத்தைக் கணித்து எடுத்த முடிவு இல்லை அது. அந்த மென்பொருள் வேலை செய்யும் விதம் எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது, நிறுத்த மனசு வரவில்லை.

பாதுகாப்பைப் பற்றிய பயம் முதல் மாதமே வந்துவிட்டது. ஜூன் 13 அன்று ஒருவர் தன் கம்ப்யூட்டரிலிருந்து 25,000 காயின் திருடு போய்விட்டதாக எழுதினார். அன்றைய விலைக்கே அது சுமார் 5 லட்சம் டாலர். காயினைச் செலவழிக்கத் தேவையான ரகசிய எண்ணைச் சாவி என்பார்கள், சாவிகளை வைத்திருப்பது வாலட். அப்போதெல்லாம் வாலட்.டாட் என்ற ஒரே ஒரு கோப்பில்தான் எல்லாச் சாவிகளும் இருக்கும், அதுவும் பூட்டு எதுவும் இல்லாமல். அந்தக் கோப்பை யார் நகல் எடுத்தாலும் காயின் அவர்களுடையது. ஆறே நாளில், காயின் வாங்கி விற்கும் மவுண்ட் காக்ஸ் என்ற இணையச் சந்தையில் ஒரு கணக்கை உடைத்து உள்ளே போனவர்கள் 17 டாலரில் இருந்த விலையைச் சில நிமிடங்களில் 1 சென்ட் வரை இறக்கினார்கள். வாடிக்கையாளர்களின் பாஸ்வேர்டு பட்டியலும் வெளியே வந்தது. வாலட்டுக்குப் பாஸ்வேர்டு போடும் வசதி அந்த செப்டம்பரில் வெளியான 0.4 பதிப்பில்தான் கிடைத்தது.

எனக்கு முதலில் போனது 4 காயின். வீட்டுக் கம்ப்யூட்டரில் வைரஸ் வந்துவிடுமோ என்று பயந்து, ஒரு இணைய வாலட் தளத்தில் போட்டு வைத்தேன். ஒரு நாள் அந்தத் தளம் திறக்கவில்லை. அப்புறம் திறக்கவே இல்லை. மின்னஞ்சலுக்குப் பதில் இல்லை. அன்றைய மதிப்பில் சில நூறு ரூபாய்தான் என்பதால் ஒரு வாரத்தில் மறந்துவிட்டேன். இரண்டு வருடத்துக்கு மேல் கழித்து, 2014 பிப்ரவரியில் மவுண்ட் காக்ஸ் திவாலானபோது 8,50,000 காயின் காணோம் என்றார்கள். பிறகு ஒரு பழைய வாலட்டில் 2,00,000 கிடைத்தது. அங்கே பணம் போட்டவர்களுக்குக் காயின் திரும்பி வர ஆரம்பித்தது 2024 ஜூலையில். பத்து வருடம் ஒரு மனிதன் இப்படிக் காத்திருப்பதை நினைத்தால் இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

இனி எழுதப்போவது இதைவிடப் பெரிய இழப்பு. இதில் திருடன் யாரும் இல்லை.

2012 ஜனவரி. தளத்தில் போனது போக என்னிடம் 11 காயின் இருந்தது. பூலிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வந்த சில்லறை. வாலட்டை என்கிரிப்ட் செய்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். நீளமான பாஸ்வேர்டு போட்டேன், ஒரு டைரியில் எழுதியும் வைத்தேன். பிறகு புதிதாக ஒரு முகவரி (காயின் வந்து சேரும் கணக்கு எண் மாதிரி) உருவாக்கி, சில்லறையாகக் கிடந்த 11-ஐயும் ஒன்றாகச் சேர்த்து அந்த முகவரிக்கு எனக்கு நானே அனுப்பிக்கொண்டேன். பழைய முகவரி பூலில் பதிவாகி இருந்ததால், அதன் பிறகு மைனிங்கில் வந்தது எல்லாம் பழைய முகவரிக்கே போய்க்கொண்டிருந்தது. முந்தைய ஆகஸ்டில் எடுத்த பேக்கப் ஒரு பென் டிரைவில் பத்திரமாக இருந்தது. பேக்கப்தான் இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்தேன்.

அந்த வருடம் தமிழ்நாட்டில் இருந்தவர்களுக்கு மின்வெட்டு நினைவிருக்கும். கோவையில் ஒரு மணி நேரம் வரும், ஒரு மணி நேரம் போகும். என் யுபிஎஸ் பேட்டரி பலவீனமாகி, கரண்ட் போனதும் கம்ப்யூட்டர் அப்படியே அணைந்துவிடும். மே மாதம் ஒரு மாலை ஆன் செய்தபோது ஹார்டு டிஸ்கிலிருந்து டக், டக் என்று சத்தம். பத்து முறை தட்டிவிட்டு நின்றது. திரும்ப ஆன் செய்தேன், அதே பத்து.

சரி, பேக்கப் இருக்கிறதே என்று வேறொரு கம்ப்யூட்டரில் பென் டிரைவைச் செருகி, மென்பொருளை நிறுவி, ராத்திரி முழுக்க பிளாக்செயினை இறங்க விட்டேன். காலையில் பார்த்தால் இருப்பு 4. மைனிங்கில் ஜனவரிக்குப் பிறகு பழைய முகவரிக்கு வந்த 4 மட்டும்தான். 11 காயின் வெளியே போனதற்கான வரி திரையில் தெரிகிறது, அது போய்ச் சேர்ந்த முகவரியும் தெரிகிறது. என் வாலட்டுக்கு மட்டும் அது என்னுடையது என்று தெரியவில்லை.

காரணம் புரிய இரண்டு நாள் ஆனது. அன்றைய பிட்காயின் வாலட் ஒவ்வொரு புதிய முகவரிக்கும் தனித்தனியாக ஒரு சாவியை உருவாக்கும். 100 சாவிகளை முன்கூட்டியே செய்து வைத்துக்கொள்ளும், அதனால் பழைய பேக்கப் கொஞ்ச காலம் தாங்கும். ஆனால் வாலட்டை என்கிரிப்ட் செய்த உடனே, பூட்டில்லாமல் கிடந்த அந்த 100 சாவியையும் ஒதுக்கிவிட்டுப் புதிதாக 100 சாவி செய்துகொள்ளும். பழைய சாவிகளை யாராவது ஏற்கெனவே நகல் எடுத்திருக்கலாம் அல்லவா, அதனால் அப்படி அமைத்திருந்தார்கள். நியாயமான ஏற்பாடுதான். ஆனால் நான் புதிதாக உருவாக்கிய முகவரிக்கான சாவி ஆகஸ்ட் பேக்கப்பில் எப்படி இருக்கும்? பாஸ்வேர்டு போட்ட அன்றே புது பேக்கப் எடுத்திருக்க வேண்டும். இதே வகை விபத்து 2010-இலேயே ஒருவருக்கு நடந்திருக்கிறது. ஒரு காயினைத் தனக்கே அனுப்பிப் பார்த்தார், மீதி இருந்ததை எல்லாம் மென்பொருள் தானாகவே பேக்கப்பில் இல்லாத புதிய சாவிக்கு மாற்றிவிட்டது. கிட்டத்தட்ட 9,000 காயின். அதை நான் படித்திருந்தேன். எனக்கு நடக்கும் என்றுதான் நினைக்கவில்லை.

இங்கேதான் மதிப்பு என்ற கேள்வி வந்து நின்றது. டிஸ்கைத் திறந்து டேட்டாவை மீட்கும் கடை ஒன்றில் 18,000 ரூபாய் கேட்டார்கள், அதுவும் உறுதி இல்லாமல். அன்று ஒரு காயின் சுமார் 5 டாலர், 11 காயினுக்கு 3,000 ரூபாய்கூட இல்லை. இன்னொரு பக்கம், முந்தைய வருடம் தாய்லாந்தில் வந்த வெள்ளத்தில் ஹார்டு டிஸ்க் தொழிற்சாலைகள் மூழ்கி உலகம் முழுக்க டிஸ்க் விலை ஏறிக் கிடந்தது. புது டிஸ்க் வாங்கினால் 4,000-க்கு மேல். என் டிஸ்குக்கு வாரண்டி இருந்தது, பழையதைக் கொடுத்தால் மாற்று டிஸ்க் இலவசம். கணக்குப் போட்டேன், கொடுத்துவிட்டேன். கவுண்டரில் இருந்த பையன் சீரியல் நம்பரைக் குறித்துக்கொண்டு அதை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் மற்ற டிஸ்குகளோடு போட்டான். அந்தக் காட்சி இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

அடுத்த வருடம் நவம்பர் இறுதியில் விலை 1,000 டாலரைத் தாண்டியது. 11 காயின் ஏழு லட்சம் ரூபாய்க்குச் சமம். பல நாள் தூக்கம் வரவில்லை, உண்மையாகவே சொல்கிறேன். அந்தக் கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். 2012-இல் தெரிந்ததை மட்டும் வைத்துப் பார்த்தால் என் முடிவில் தவறில்லை. தவறு அதற்கு முன்னால், ஜனவரியில் ஒரு பேக்கப் எடுக்காமல் விட்ட ஐந்து நிமிடத்தில் இருக்கிறது. காயினுக்கு விலை இல்லாத நாளில் எப்படிப் பாதுகாத்தோமோ அந்தப் பாதுகாப்புதான் விலை ஏறிய நாளில் கையில் இருக்கும். அன்றைய விலையைப் பார்த்து இவ்வளவு போதும் என்று முடிவு செய்த எல்லோருக்கும், என்னைப் போலவே, ஏதாவது ஒன்று போயிருக்கிறது.

மீதி இருந்த 4-ஐ 2013-இல் காகித வாலட்டாக மாற்றினேன். இணைய இணைப்பில்லாத கம்ப்யூட்டரில் சாவி உருவாக்கி இங்க்ஜெட்டில் அச்சடித்து, ஒரு கவரில் போட்டு பீரோவில் வைத்தேன். அந்த ஆகஸ்டில் ஆண்ட்ராய்டின் ரேண்டம் எண் உருவாக்கத்தில் ஓட்டை இருப்பது தெரிந்து, போனில் செய்த முகவரிகளிலிருந்து காயின் திருடு போனது. அதைக் கேட்டபோது காகிதத்தில் வைத்தது நல்லது என்று பட்டது. ஆனால் இரண்டு மழைக்காலம் தாண்டிக் கவரைத் திறந்தால் மை பரவி ஓர் எழுத்து தெளிவாக இல்லை. எட்டா, பெரிய பி-யா? லென்ஸ் வைத்துப் பார்த்தும் தெரியவில்லை. இந்தச் சாவிகளில் பூஜ்யம், பெரிய ஓ, பெரிய ஐ, சின்ன எல் நான்கையும் குழப்பம் வரக்கூடாது என்றே விலக்கி வைத்திருக்கிறார்கள். எட்டையும் பி-யையும் விட்டுவிட்டார்கள். நல்ல வேளையாகச் சாவிக்குள்ளேயே சரிபார்ப்பு எண் இருக்கிறது. ஓர் எழுத்து தப்பினாலும் மென்பொருள் ஏற்காது. எட்டு போட்டேன், மறுத்தது. பி போட்டதும் திறந்தது. அன்றே காகிதத்தை விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு ஹார்டுவேர் வாலட், அதாவது சாவிகளைக் கம்ப்யூட்டருக்கு வெளியே வைத்திருக்கும் ஒரு சின்னக் கருவி. விதை (சீட்) எனப்படும் 24 ஆங்கில வார்த்தைகளிலிருந்து எல்லாச் சாவியும் பிறக்கும், ஒருமுறை எழுதி வைத்தால் பேக்கப் பழசாகாது. இந்த முறை மட்டும் 2012-இல் என் வாலட்டில் இருந்திருந்தால் 11 காயின் போயிருக்காது. பிட்காயின் கோர் மென்பொருளுக்கே 2016 ஆகஸ்டில், 0.13 பதிப்பில்தான் ஒரே விதையிலிருந்து சாவிகளை உருவாக்கும் ஏற்பாடு வந்தது. மற்ற சில வாலட்டுகள் முன்பே வைத்திருந்தன. இத்தனை வருடப் பயன்பாட்டில் எனக்கு ஆக அதிக நிம்மதி தந்த மாற்றம் இதுதான்.

அந்த 24 வார்த்தைகளை ஸ்டீல் தகட்டில் அடித்து வைத்தேன். எழுத்துப் பஞ்ச் செட், ஒரு சுத்தியல், சமையலறைத் திண்ணையில் மடித்த சாக்கு. இந்த வார்த்தைகளை எடுக்கும் பட்டியலில் உள்ள 2,048 வார்த்தைகளில் எந்த இரண்டுக்கும் முதல் நான்கு எழுத்து ஒன்றாக இருக்காது, அதனால் வார்த்தைக்கு நான்கு எழுத்து போதும். முதல் தகட்டில் பதினேழாவது வார்த்தையில் ஓர் எழுத்து தலைகீழாக விழுந்துவிட்டது, அந்தத் தகட்டை ஒதுக்கிவிட்டு இன்னொன்றில் முதலிலிருந்து அடித்தேன். ஒதுக்கிய தகட்டைத் தேய்த்து அழித்துவிட்டுத்தான் தூங்கினேன்.

அரசு விதிகள் பக்கம் சுருக்கமாகச் சொல்கிறேன். 2018 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி, வங்கிகள் இந்தத் தொழிலுக்குச் சேவை தரக்கூடாது என்றது. 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்தது. 2022 ஏப்ரல் முதல் லாபத்தில் 30 சதவீதம் வரி, ஜூலை முதல் விற்கும் தொகையில் 1 சதவீதம் பிடித்தம். மைனிங்குக்கு ஆன கரண்ட், கார்டு செலவைக் கழிக்க முடியாது. நான் 2017 டிசம்பரில் ஒரு காயினை விற்றேன், பத்து லட்சத்துக்கு மேல் கிடைத்தது. அப்போது அம்மாவின் மருத்துவச் செலவுக்கு அது உதவியது. அதற்காக எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

2020-இல் ஒரு ஹார்டுவேர் வாலட் நிறுவனத்தின் வாடிக்கையாளர் பட்டியல் வெளியே கசிந்தது. 2.7 லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் பெயர், போன் எண், வீட்டு முகவரி எல்லாம் அதில் இருந்தது. அந்தச் சமயத்தில் எனக்கும் ‘உங்கள் வாலட் முடக்கப்பட்டது, 24 வார்த்தைகளைப் பதிவு செய்யுங்கள்’ என்று மின்னஞ்சல் வர ஆரம்பித்தது. சாவியை எவ்வளவு பத்திரமாக வைத்தாலும், இந்த வீட்டில் காயின் இருக்கிறது என்ற செய்தியே ஓர் ஆபத்துதான். இருப்பு எவ்வளவு என்று நான் எழுதாமல் விடுவது இதற்காகத்தான். நீங்களும் யாரிடமும் சொல்லாதீர்கள், நெருங்கிய சொந்தக்காரர்களிடம் கூட.

வீட்டுக்காரியிடம் மட்டும் சொல்லியாக வேண்டும். போன வருடம்தான் அதைச் செய்தேன், பத்து வருடம் முன்பே செய்திருக்க வேண்டியது. எல்லாவற்றையும் விளக்கி முடித்ததும் அவள் கேட்டது ஒரே கேள்வி: “ஏனுங்க, நீங்க இல்லீன்னா இந்தத் தகட்டை நான் ஆருகிட்டக் கொண்டுபோய்க் காட்டறதுங்க?” என்னிடம் பதில் இல்லை. காட்டுகிற ஆள் எடுத்துக்கொண்டு போகலாம். காட்டாமல் விட்டால் அது வெறும் இரும்பு.

அதனால் ஒரு சின்ன தொகையைத் தனி வாலட்டில் போட்டு, அதற்கென்று தனியாக ஒரு தகடு அடித்து, ஹார்டுவேர் வாலட் கருவியில் இருந்ததை முழுதாக அழித்து அவள் கையில் கொடுத்தேன். தகட்டில் உள்ள வார்த்தைகளைக் கருவியில் அடித்து இருப்பை மீட்பது எப்படி என்று தமிழில் ஒரே பக்கம் குறிப்பு எழுதினேன். நான் பக்கத்து அறையில் உட்கார்ந்துகொண்டேன், ஒரு வார்த்தை பேசவில்லை. முதல் முறை ஒன்பதாவது வார்த்தையில் நின்றுவிட்டாள். நான்கு எழுத்து அடித்தால் போதும், மீதியை கருவியே காட்டும் என்பதை நான் குறிப்பில் எழுதவில்லை. சேர்த்தேன். இரண்டாவது முறை நாற்பது நிமிடத்தில் இருப்பு திரையில் வந்தது. இப்போது வருடத்துக்கு ஒருமுறை, தை பிறந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இதைச் செய்து பார்க்கிறோம். இந்த வருடம் இருபத்தைந்து நிமிடம் ஆனது.