யார் வீட்டில் முதலில் கை நனைப்பது?

அப்பா வழிச் சொந்தம் புதுச்சேரி முத்தியால்பேட்டையில். அம்மா வழியோ கடலூரில், மஞ்சக்குப்பம் தொடங்கி முதுநகர் வரை தெருவுக்கு ஒரு வீடாக இருக்கிறது. பாரிஸிலிருந்து ஆண்டு தவறாமல் போய்வருவதால் "எங்களையெல்லாம் நினைவிருக்கிறதா?" என்ற குத்தல் மட்டும் எனக்கு விழுவதில்லை. மற்ற எல்லாக் குத்தலும் விழும். யார் வீட்டில் முதலில் கை நனைத்தேன் என்ற செய்தி, நான் அடுத்த வீட்டுப் படி ஏறும் முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருக்கும்.

விடுதி எடுக்க நினைப்பவர்கள் சனி, ஞாயிறைத் தவிர்த்துவிடுங்கள். சென்னைக் கூட்டம் இறங்கும் அந்த இரு நாளும் புதுச்சேரியில் அறை வாடகை எகிறிவிடுகிறது. சொந்தக்காரர்களுக்கு ஓய்வு கிடைப்பதும் அதே ஞாயிறன்றுதான் என்பது வேறு சங்கடம். நான் சித்தப்பா வீட்டு மாடியிலேயே தங்கினேன். அறை எடுத்தால் மிச்சமாகும் நிம்மதியைவிட, கேட்க வேண்டிய பேச்சு அதிகம்.

சிம் கார்டுக்கு ஒரு கடையில் ஆதார் இல்லாமல் முடியாது என்று கையை விரித்தார்கள். அடுத்த தெருக் கடையில் பாஸ்போர்ட்டும் விசாவும் காட்டியதும் கொடுத்துவிட்டார்கள்.

கடலூர் 25 கிலோமீட்டருக்குள்தான். கடற்கரையோரமாக நேர் ரயில் பாதை கிடையாது, விழுப்புரம் சுற்றவேண்டும். ஆகவே பஸ்தான். அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், கன்னியக்கோவில் என்று நின்று நின்று போகும். தென்பெண்ணைப் பாலம் தாண்டினால் மஞ்சக்குப்பம். கெடிலம் தாண்டினால் திருப்பாதிரிப்புலியூர் பஸ் நிலையம். தனியார் பஸ்ஸில் பாட்டுச் சத்தம் காதைப் பிளக்கும். ஆனால் காத்திருக்க வைப்பதில்லை.

பெரியவர்களை அழைத்துப்போக வேண்டியிருந்ததால் ஒரு நாள் கார் பேசினேன். புதுச்சேரி வண்டி என்றால் தமிழ்நாட்டு பெர்மிட் கட்டணமும் டிரைவர் பேட்டாவும் வாடகையில் அடக்கமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். எங்களுக்கு வந்த டிரைவர் தங்கமானவர். எந்த வீட்டிலும் ஹாரன் அடித்து அவசரப்படுத்தவில்லை.

வரிசையை நான் முடிவு செய்வதில்லை, சித்திதான். நாம் இல்லாதபோது இழவு விழுந்த வீடு எதுவோ, அதற்குத்தான் முதல் பயணம். அதுவும் எங்கள் குடும்பத்தில் செவ்வாய், வெள்ளியில் துக்கம் கேட்கப் போகக்கூடாது. பழம், இனிப்பு எதுவும் கையில் இருக்கக்கூடாது. கிளம்பும்போது "போய்வருகிறேன்" என்று சொல்லாமல் எழுந்து வந்துவிட வேண்டும். தொலைபேசியில் அழுதாயிற்றே என்று முன்பு நினைப்பதுண்டு. மாமா இறந்த வீட்டில் மாமி என் கையைப் பிடித்துக்கொண்டு, ஆஸ்பத்திரியில் கழிந்த கடைசி இரவை மணிவாரியாகச் சொன்னார். வீடியோ அழைப்பில் "நன்றாக இருக்கிறேன்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசாதவர் அவர்.

அதன்பின் ஒரு முகூர்த்த நாளில் திருவந்திபுரத்தில் தூரத்து உறவில் கல்யாணம். தேவநாத சுவாமி கோவிலை ஒட்டிய மலையில் அன்று எத்தனை ஜோடிகள் என்று எண்ணி மாளாது. காரை வெகு தொலைவிலேயே நிறுத்திவிட்டு நடந்தோம். அத்தையோ மகளிருக்குக் கட்டணம் இல்லாத டவுன் பஸ்ஸில் எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். பாதிச் சொந்தத்தை ஒரே இடத்தில் பார்த்தாயிற்று, மீதி அலைச்சல் மிச்சம் என்று மகிழ்ந்தேன். "கல்யாணத்தில் பார்த்தது கணக்கில் சேராது. வீட்டுக்கு வரவேண்டும்" என்றார் அத்தை. மறுநாளுக்கும் அதே வண்டியைச் சொல்லிவைத்தேன்.