படிமத்திலிருந்தா, வடிவத்திலிருந்தா?

சோதனை முயற்சியான காதல் கவிதையை விமர்சிக்கும்போது எதிலிருந்து தொடங்குவது? படிமத்திலிருந்து, அதாவது கவிதை கண்முன் நிறுத்தும் காட்சியிலிருந்து, தொடங்கினால் உணர்வு உடனே பிடிபடும். குறுந்தொகை 40-இல் செம்மண்ணில் விழுந்த மழைநீர், பிரிக்க முடியாதபடி அதோடு கலந்துவிடுகிறது. புலவருக்கே அந்த உவமையால் செம்புலப்பெயனீரார் என்று பெயர். ஆனால் படிமத்தோடு நின்றுவிடும் விமர்சனம் பெரும்பாலும் பாராட்டுரையாகச் சுருங்கிவிடுகிறது.

வடிவத்திலிருந்து தொடங்குவது கடினம். எனக்கு அதுவே பிடிக்கும். 1918-இல் வெளியான பிரெஞ்சுக் கவிஞர் அப்போலினேரின் தொகுப்பில் ஒரு மழைக் கவிதை உண்டு. எழுத்துகள் ஐந்து சாய்ந்த கோடுகளாகத் தாளில் இறங்குகின்றன. கண் ஒவ்வோர் எழுத்தாகக் கீழே இறங்க, நினைவிலும் மங்கிப்போன பெண்குரல்கள் சொட்டுச் சொட்டாகவே வந்து சேர்கின்றன. அதே வரிகளை நேராக அடுக்கி வாசித்துப் பாருங்கள்: தாமதம் போய்விடும், கூடவே ஏக்கத்தில் பாதியும். அப்படி அடுக்கியும் எதுவும் குறையவில்லை என்றால், அந்த வடிவம் வெறும் அலங்காரம் என்று தயங்காமல் எழுதலாம்.