அப்பாவோட பழைய லேப்டாப்ல லினக்ஸ் மின்ட் 22 போட்டு ஆறு மாசம் ஆச்சு

அப்பா லேப்டாப் 2014ல வாங்குனது. ஐ3 நாலாவது ஜெனரேஷன், 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், பின்னாடி ஏத்துன விண்டோஸ் 10. அந்த விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சுது, பதிவு பண்ணிக்கிட்டா 2026 அக்டோபர் 13 வரைக்கும் செக்யூரிட்டி அப்டேட் மட்டும் உண்டுன்னு அறிவிச்சாங்க. சரி விண்டோஸ் 11 போடலாம்னா டிபிஎம் 2.0ங்கற செக்யூரிட்டி சிப் கேக்குது, இன்டெல்ல எட்டாவது ஜெனரேஷனுக்கு முந்தினது பெரும்பாலும் லிஸ்ட்லயே இல்ல. குறுக்கு வழில ஏத்தலாம்தான், ஆனா அப்படி ஏத்துன மெஷினுக்கு அப்டேட் வரும்னு உத்தரவாதம் இல்லனு மைக்ரோசாஃப்டே சொல்லிருக்கு. அப்பா பேங்க் வேலையும் இதுலதான் பாக்கறார், அதனால அந்தப் பக்கமே நான் போகல. விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் மின்ட் 22ங்கற ஓஎஸ்ஸ, அதுல பழைய மெஷினுக்கு இலகுவா ஓடற எக்ஸ்எஃப்சிஇ எடிஷனப் போட்டேன். 2 ஜிபி ரேம் இருந்தாலே ஓடும், 4 இருந்தா நிம்மதியா ஓடும். 2029 வரைக்கும் அப்டேட் வரும். காசு எதுவும் கிடையாது.

எனக்கு பயமெல்லாம் அதுக்குள்ள இருந்த ஃபைல் மேலதான். எங்க ஊர்ல பாதிப் பேருக்கு மனு டைப் அடிச்சுக் குடுக்கறது அப்பாதான். பட்டா மாறுதல், முதியோர் பென்ஷன், கோயில் கணக்குன்னு பத்து வருஷத்துக்கு மேல சேந்தது. 2019ல ஒரு கடைல சர்வீஸ்க்கு விட்டப்ப கேக்காமலே ஃபார்மட் அடிச்சுக் குடுத்துட்டாங்க, ரெண்டு வருஷ ஃபைல் போயிருச்சு, அன்னிக்கு அப்பா சாப்பிடவே இல்ல. அதனால இந்தத் தடவ பழைய ஹார்ட் டிஸ்க்க தொடவே கூடாதுன்னு முடிவு பண்ணிட்டேன். 1,700 ரூபாய்க்கு 240 ஜிபி எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்க விட வேகமான டிஸ்க்) வாங்கி, பழசக் கழட்டி வெச்சுட்டு புதுசுல இன்ஸ்டால் பண்ணேன். எது சொதப்பினாலும் பழச மறுபடி மாட்டினா நேத்து எப்படி இருந்துச்சோ அப்படியே வந்துரும். பழைய கம்ப்யூட்டர்ல ஓஎஸ் மாத்தறவங்களுக்கு இதவிட பாதுகாப்பான வழி எனக்குத் தெரிஞ்சு இல்ல, வேகமும் பாதி அந்த எஸ்எஸ்டியாலதான் வருது.

ஐஎஸ்ஓ, அதாவது மின்ட் இன்ஸ்டால் பண்ற ஃபைல், 3 ஜிபிக்குள்ளதான், 8 ஜிபி பென்டிரைவ் போதும். டவுன்லோடு பண்ணதும் செக்சம் (ஃபைல் மாறாம முழுசா வந்திருக்கான்னு சரிபாக்கற குறியீடு) பாத்துருங்க, தயவு செஞ்சு இத விட்டுறாதீங்க. 2016 பிப்ரவரில மின்ட் சைட்டையே ஹேக் பண்ணி, டவுன்லோடு லிங்க்க கள்ள ஐஎஸ்ஓவுக்குத் திருப்பி விட்டுட்டாங்க. அப்புறம் பென்டிரைவ்ல இருந்தே பூட் பண்ணி இன்ஸ்டால் பண்ணாம ஓட்டிப் பாக்கலாம். நான் ஒரு நாள் முழுக்க அப்படித்தான் பாத்தேன், சவுண்டு, கேமரா, ஸ்கிரீன் வெளிச்சம் எல்லாம் ஓகே, வைஃபை மட்டும் வரல. இன்ஸ்டால் பண்ணதுக்கு அப்புறம் மொபைல் போனை யூஎஸ்பில மாட்டி, அதோட நெட்ட டெதரிங்ல குடுத்து, டிரைவர் மேனேஜர்ல போய் அது காட்டுன டிரைவர (வைஃபைய இயக்கற சாஃப்ட்வேர்) ஏத்தி ரீஸ்டார்ட் பண்ணதும் அதுவும் வந்துருச்சு.

அடுத்து ஃபைல். பழைய டிஸ்க்க யூஎஸ்பி கேஸ்ல போட்டு மாட்டி எல்லாத்தையும் காப்பி பண்ணி முதல் மனுவ வேர்டு மாதிரியான லிப்ரே ஆஃபிஸ்ல திறந்தா வெறும் இங்கிலீஷ் எழுத்து, புள்ளி வர்ற எடத்துல எல்லாம் செமிகோலன். அப்பா மூஞ்சி வாடிப் போச்சு. அவர் அடிக்கறது பாமினி ஃபான்ட், அது யூனிகோட் (எல்லா கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்து முறை) கிடையாது, ஃபான்ட் இல்லன்னா இங்கிலீஷாத்தான் தெரியும். பழைய டிஸ்க்ல விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள ஃபான்ட்ஸ்ல இருந்து அந்த பாமினி ஃபான்ட் ஃபைல (டிடிஎஃப்) எடுத்து இதுல இன்ஸ்டால் பண்ணி, ஆஃபிஸ மூடித் திறந்ததும் "மதிப்பிற்குரிய வட்டாட்சியர் அவர்களுக்கு"ன்னு முழுசா வந்து நின்னுச்சு. டைப் அடிக்கறதும் அதே பழைய கைப்பழக்கம்தான். பழைய ஃபான்ட்ல ஃபைல் வெச்சிருக்கவங்க டிஸ்க்க அழிக்கறதுக்கு முன்னாடி ஃபான்ட்டையும் சேத்து காப்பி எடுத்துருங்க.

இப்போ ஆன் பண்ணா அரை நிமிஷத்துல டெஸ்க்டாப் வருது, முன்னாடி மூணு நிமிஷம் சுத்தும். டைம்ஷிஃப்ட்னு ஒண்ணு கூடவே வருது, பெரிய அப்டேட்டுக்கு முன்னாடி ஸ்னாப்ஷாட் எடுத்து வெச்சுட்டா எதாவது உடைஞ்சாலும் பழைய நிலைக்குத் திரும்பிக்கலாம். ஆனா அது சிஸ்டம் ஃபைலுக்கு மட்டும்தான், உங்க டாக்குமெண்ட், ஃபோட்டோவ தானா எடுக்காது, அதுக்குத் தனியா பேக்கப் வேணும்.

டேலி, ஃபோட்டோஷாப் இல்லாம முடியாதுன்னா இதுக்கு மாறாதீங்க, ரெண்டும் விண்டோஸ்ல ஓடற மாதிரி இதுல ஓடாது. பழைய லேசர் பிரிண்டர் வெச்சிருந்தா பென்டிரைவ்ல பூட் பண்ணும்போதே ஒரு பக்கம் பிரிண்ட் எடுத்துப் பாத்துருங்க. இதெல்லாம் வேணாம், பிரவுசர், யூடியூப், கடிதம், பேங்க் போதும்னா தாராளமா போடலாம், அஞ்சுக்கு நாலரை குடுப்பேன். பழைய டிஸ்க் இன்னும் பீரோவுல துணில சுத்தித்தான் இருக்கு, அப்பா ஒரு தடவ கூட அத எடுத்து மாட்டச் சொல்லல.