கடல் விட்டுப்போன பப், கடல் விடாத பப்

இங்கிலாந்தில் பழைய பப் பார்க்க ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் தென்கிழக்குக் கரைப்பக்க ரை ஊரின் மெர்மெய்டா, ஸ்டெய்த்ஸின் காட் அண்ட் லாப்ஸ்டரா?

இரண்டில் வயதில் மூத்தது மெர்மெய்டுதான். நிலவறை 1156-ஐச் சேர்ந்தது என்கிறார்கள். மேலே நிற்கும் கட்டடம் 1420-ல் திரும்பக் கட்டியது. 1377-ல் பிரெஞ்சுக்காரர்கள் ரையைக் கொளுத்திவிட்டுப் போயிருந்தார்கள். 1740-களில் தேயிலையும் பிராந்தியும் கடத்திய ஹாக்ஹர்ஸ்ட் கும்பலுக்கு இது புழங்கும் இடம். குண்டு நிரப்பிய துப்பாக்கியை மேசைமேல் வைத்துக்கொண்டே குடிப்பார்களாம், கேட்க ஒருவருக்கும் துணிச்சலில்லை. 1749-ல் தலைவன் தாமஸ் கிங்ஸ்மில்லைத் தூக்கிலிட்டதும் ஆட்டம் முடிந்தது. அப்புறம் கடலும் போய்விட்டது! துறைமுகம் வண்டல் சேர்ந்து தூர்ந்துபோக, இன்று கடல் சுமார் 3 கிலோமீட்டர் தள்ளி. உருளைக்கல் பாவிய சரிவுத் தெரு, உத்தரம் தாங்கிய கூரை, ஆளே உள்ளே நிற்கலாம் போன்ற அடுப்பு எல்லாம் உண்டு, அலைச் சத்தம் மட்டும் இல்லை.

யார்க்‌ஷயரின் ஸ்டெய்த்ஸில் கதை தலைகீழ். பப்பின் சுவரடியில் கடல். 1953 வட கடல் புயலில் முன்பக்கத்தையே அலை கொண்டுபோனது, மறுபடி கட்டினார்கள். பின்னாளில் பெரிய கடலோடியான ஜேம்ஸ் குக் சிறுவனாக வேலை பார்த்த கடையையும் இதே ஊரில் கடல்தான் விழுங்கியது. கட்டடத்தில் பழமை குறைவுதான், சரி.

சரித்திரம் வேண்டுமென்றால் ரை. எனக்கென்னவோ, ஜன்னலில் உப்புத் தண்ணீர் தெறிக்காத கடலோர பப்பில் மனம் ஒட்டுவதில்லை.