‘ஸ்டாஃப் நர்ஸ் வேலை’ என்று சொல்லிச் சிங்கப்பூருக்கு அழைத்து வந்தார்கள்: பணம் கட்டும் முன் படியுங்கள்

ஜி.என்.எம் அல்லது பி.எஸ்சி நர்சிங் முடித்துவிட்டு, சிங்கப்பூர் வேலைக்காக ஏஜென்டிடம் பணம் கட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் தங்கைகளுக்கும் தம்பிகளுக்கும் இதை எழுதுகிறேன். ஏற்கெனவே முன்பணம் கொடுத்துவிட்டவர்களும் படியுங்கள். விமானம் ஏறாத வரைக்கும் உங்களுக்கு வழி இருக்கிறது. ஏஜென்சியின் பெயரை இங்கே எழுதவில்லை, புகார் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. பெயர் தெரியாததால் உங்களுக்கு நஷ்டமும் இல்லை. இதே முறையில் ஆள் பிடிப்பவர்கள் திருச்சி, மதுரை, நாகர்கோவில் என்று எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

2022-இல் நான் திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஐ.சி.யு.வில் இருந்தேன். கையில் வந்த சம்பளம் 16,000 ரூபாய். வாட்ஸ்அப்பில் வந்த விளம்பரத்தில் இப்படி இருந்தது: சிங்கப்பூர் முதியோர் பராமரிப்பு இல்லத்தில் ஸ்டாஃப் நர்ஸ், சம்பளம் 2,400 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), தங்குமிடம் இலவசம், தேர்வு தேவையில்லை, இரண்டு மாதத்தில் பயணம். அலுவலகம் பளபளவென்று இருந்தது. சுவரில் சிங்கப்பூர் படங்கள், மேசையில் ஏற்கெனவே போனவர்களின் புகைப்பட ஆல்பம். மொத்தச் செலவு நாலரை லட்சம் என்றார்கள். அம்மாவின் நகையை அடகு வைத்தோம், மீதிக்கு மாமா வட்டிக்கு வாங்கிக் கொடுத்தார்.

ரசீது கேட்டபோது 35,400 ரூபாய்க்கு மட்டும் கொடுத்தார்கள். மிச்சப் பணம் ‘டாக்குமென்டேஷன், டிரெய்னிங்’ என்றார்கள், அதற்கு ரசீது கிடையாதாம். இந்த 35,400 என்ற தொகையை நன்றாகக் கவனியுங்கள். இந்தியாவில் பதிவு பெற்ற ஏஜென்ட் வெளிநாட்டு வேலைக்குப் போகிறவரிடம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். 18 சதவீத வரியைச் சேர்த்தால் சரியாக 35,400 வருகிறது. சட்டம் அனுமதிப்பதை மட்டும் காகிதத்தில் காட்டிவிட்டு, நான்கு லட்சத்துக்கும் மேலே ரொக்கமாக வாங்கிக்கொண்டார்கள். ரசீதில் இருந்த பதிவு எண்கூட அவர்களுடையது இல்லை. வெளிமாநிலத்தில் இருக்கும் வேறொரு நிறுவனத்தின் எண் அது. வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்காக இந்திய அரசு நடத்தும் இ-மைக்ரேட் தளத்தில் அந்த எண்ணைத் தேடினால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். ஊர் பெயர், முகவரி, உரிமையாளர் பெயர் எல்லாம் நீங்கள் உட்கார்ந்திருக்கும் அந்த அலுவலகத்தோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தவில்லை என்றால், ‘அவங்க எங்க மெயின் ஆபீஸ்மா’ என்ற பதிலை ஏற்காதீர்கள்.

என்னுடைய அசல் சான்றிதழ்களையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். டிப்ளமோ, மதிப்பெண் பட்டியல், தமிழ்நாடு நர்சிங் கவுன்சில் பதிவுச் சான்றிதழ் மூன்றும் அவர்கள் பீரோவுக்குப் போயின. ‘வெரிஃபிகேஷனுக்கு வேணும்மா’ என்றார்கள். சரிபார்ப்பது கவுன்சிலின் வேலை, கவுன்சில் நேரடியாக அனுப்பும். ஏஜென்ட் வீட்டு பீரோவில் அசல் சான்றிதழுக்கு எந்த வேலையும் இல்லை. பின்னால் பணத்தைத் திருப்பிக் கேட்டு யாரும் வாய் திறக்கக் கூடாது என்பதற்காகத்தான் அதை வாங்கி வைக்கிறார்கள். நான் முதல் முறை குரலை உயர்த்தியபோது அவர் சொன்ன பதிலே அதுதான்: “சர்ட்டிஃபிகேட் இங்கதாம்மா இருக்கு, நிதானமா பேசுங்க.”

இனி ஐ.பி.ஏ. சிங்கப்பூர் மனிதவள அமைச்சு வேலை அனுமதிக்கு முதலில் தரும் கொள்கையளவிலான ஒப்புதல் கடிதம் இது. இதில் என்ன பதவி, அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, படி எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு என்று எல்லாம் எழுதியிருக்கும். வொர்க் பெர்மிட்டில் வருகிறவருக்கு, அவர் ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே, அவருக்குப் புரியும் மொழியில் முதலாளி இந்தக் கடிதத்தைக் கொடுத்தாக வேண்டும். எனக்குக் கிடைத்தது திருச்சி விமான நிலையத்தில், பெட்டியை எடை போடும் வரிசையில் நிற்கும்போது, ஆங்கிலத்தில். அப்பா அம்மா வெளியே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார்கள். பதவி ஹெல்த்கேர் அட்டென்டன்ட், சம்பளம் 950 வெள்ளி. ஃபோனில் கேட்டபோது, “எல்லாரும் அப்படித்தாம்மா போறாங்க. அங்க போய் ஆறு மாசத்துல பரீட்சை எழுதி நர்ஸா மாறிக்கலாம்” என்றார் ஏஜென்ட். கடிதத்தைக் கடைசி நிமிடம் வரை வைத்திருந்தது தாமதத்தால் அல்ல. நாலரை லட்சம் கட்டிய குடும்பம் அந்த வரிசையில் திரும்பிப் போகாது என்று அவருக்குத் தெரியும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அட்டென்டன்ட் வேலை கேவலமான வேலை இல்லை. குளிப்பாட்டுவது, டயப்பர் மாற்றுவது, ஊட்டிவிடுவது, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைப்பது, இதெல்லாம் ஒழுங்காக நடப்பதால்தான் அந்த முதியவர்களுக்குப் படுக்கைப் புண் வராமல் இருக்கிறது. என்னோடு மியன்மாரிலிருந்து வந்த ஓர் அக்கா இருந்தார். அவர் அந்த வேலையைத் தெரிந்தே தேர்ந்தெடுத்து வந்தவர், அவர் அளவுக்கு அன்பாகப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ்களை நான் அதிகம் பார்த்ததில்லை. நர்ஸ் வேலைக்குப் பணம் வாங்கிக்கொண்டு வேறு வேலையில் தள்ளுவதுதான் மோசடி.

‘அங்கே போய் மாறிக்கொள்ளலாம்’ என்பது எவ்வளவு பெரிய பொய் என்று வந்த பிறகுதான் புரிந்தது. இங்கே நர்ஸாக வேலை செய்ய சிங்கப்பூர் தாதியர் மன்றத்தில் பதிவு வேண்டும். பதிவு பெற்ற தாதி, பட்டியலிடப்பட்ட தாதி என்று இரண்டு நிலை உண்டு. வெளிநாட்டில் படித்தவர்கள் தகுதித் தேர்வு எழுத வேண்டும். நமக்கு நர்ஸ் வேலை தருகிறேன் என்று சொல்லும் மருத்துவமனையோ இல்லமோ இருந்தால்தான் அந்த விண்ணப்பமே நகரும். நான் வேலை செய்த இல்லம், ‘உன்னை அட்டென்டன்டாக எடுத்தோம், நர்ஸாக எடுக்கும் எண்ணம் எங்களுக்கு இல்லை’ என்று முதல் மாதமே சொல்லிவிட்டது. அவர்கள் அதற்குக் கடமைப்பட்டவர்களும் இல்லை. எனக்கு வாக்குறுதி கொடுத்தது திருச்சிக்காரர்.

ஆனால் அதே இல்லம் இரவு ஷிஃப்டில் வேறு மாதிரி பேசியது. ஆள் குறைவாக இருக்கும்போது, “நீ நர்ஸ்தானே, சுகர் பாத்துட்டு இன்சுலின் போட்டுடு” என்பார்கள். இந்த இடத்தில் தயவுசெய்து உறுதியாக நில்லுங்கள். பதிவு இல்லாதவர் இங்கே நர்ஸ் வேலை செய்வது சட்டப்படி குற்றம். ஒரு பாட்டிக்குச் சர்க்கரை தாழ்ந்து ஏதாவது ஆகிவிட்டால், போடச் சொன்னவர் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது, போட்டவர் நீங்கள். அதோடு, பின்னாளில் முறைப்படி பதிவுக்கு விண்ணப்பிக்கும் வாய்ப்பும் அங்கேயே முடிந்துபோகும். நான் மறுத்ததற்காக டியூட்டி பட்டியலில் தொடர்ந்து இரவு ஷிஃப்ட் போட்டார்கள். அது தாங்கக்கூடிய தண்டனை.

வேலையை விட்டுப் போகிறேன் என்றபோது, “5,000 வெள்ளி பாண்ட் இருக்கிறது, கட்டிவிட்டுப் போ” என்றார் மேனேஜர். இரவெல்லாம் அழுதேன். அந்த 5,000 என்னவென்று விளக்கியது அங்கே ஸ்டாஃப் நர்ஸாக இருந்த சிங்கப்பூர்த் தமிழ் அக்கா. மலேசியர் அல்லாத வொர்க் பெர்மிட் ஊழியருக்காக முதலாளி அரசாங்கத்திடம் கொடுக்கும் பிணை அது. ஊழியரிடம் அதை வாங்கவே கூடாது. வெளிநாட்டவரை வேலைக்கு வைப்பதற்காக அரசாங்கத்துக்குக் கட்டும் வெளிநாட்டு ஊழியர் தீர்வையும் அப்படித்தான், முதலாளியின் செலவு, நம் சம்பளத்தில் கழிக்க முடியாது. பாஸ்போர்ட்டை வாங்கிப் பூட்டி வைப்பதும் குற்றம். “யார் பயம் காட்டினாலும் எழுத்தில கொடுக்கச் சொல்லும்மா” என்றார் அக்கா. எழுத்தில் கேட்டேன். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே எழவில்லை.

பணத்தைத் திரும்பப் பெற முயன்ற கதைதான் என்னை அதிகம் வதைத்தது. பெண்டிமியர் ரோட்டில் இருக்கும் மனிதவள அமைச்சின் சேவை நிலையத்துக்குப் போனேன். பொறுமையாகக் கேட்டார்கள். சிங்கப்பூர் சட்டப்படி இங்கே உள்ள ஏஜென்சி, ஒப்பந்தத்தின் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு மாதச் சம்பளம் என்ற கணக்கில், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம் வரை ஊழியரிடம் வாங்கலாம். இங்கே இருந்த ஏஜென்சி என்னிடம் தவணையாகப் பிடித்தது சரியாக இரண்டு மாதச் சம்பளம். ஆகவே இங்கே குற்றமில்லை. இந்தியாவில் கொடுத்த நாலரை லட்சம் இந்தச் சட்டத்தின் எல்லைக்கு வெளியே. திருச்சிக்காரரிடம் கேட்டால், ‘நான் பயிற்சிதான் கொடுத்தேன், வேலைக்கு அனுப்பியது சிங்கப்பூர் ஏஜென்சி’ என்கிறார். இரண்டு நாட்டுச் சட்டத்துக்கும் நடுவில் இருக்கும் இந்தச் சந்தில்தான் நம் வீட்டு நகைகள் காணாமல் போகின்றன. சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்திலும் காவல் நிலையத்திலும் அப்பா புகார் கொடுத்திருக்கிறார். சான்றிதழ்கள் மட்டும் அந்தப் புகாருக்குப் பிறகு திரும்பக் கிடைத்தன. பணம் வரவில்லை.

பணத்தைவிடப் பெரிய இழப்பை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. ஒப்பந்தம் முடிந்து ஒரு மருத்துவமனைக்கு நேரடியாக விண்ணப்பித்தபோது, நேர்காணலில் கேட்ட முதல் கேள்வி, “கடைசியாக வார்டில் மருந்து கொடுத்தது எப்போது?” அட்டென்டன்டாக இருந்த காலம் நர்சிங் அனுபவக் கணக்கில் சேரவில்லை. ஐ.சி.யு.வில் வென்டிலேட்டர் பார்த்த என்னை, ஒரு நிலை கீழான பட்டியலிடப்பட்ட தாதியாகத்தான் எடுத்தார்கள். இங்கிருந்து ஆஸ்திரேலியா போகலாம் என்று கனவு காண்பவர்களும் கவனியுங்கள். அங்கே கடந்த ஐந்து ஆண்டுகளில் குறைந்தது 450 மணி நேரம் நர்ஸாக வேலை செய்ததைக் காட்டுவது வழக்கமான நிபந்தனை. பதிவில்லாமல் செய்த பராமரிப்பு வேலையை அதில் காட்ட முடியாது. 23, 24 வயதில் வரும் பிள்ளைகள், கை தேர்ந்து வரும் நேரத்தில் இந்த வருடங்களைத் தொலைக்கிறார்கள். இதை நினைத்தால்தான் எனக்குக் கோபம் அடங்குவதில்லை.

நீங்கள் இன்னும் ஊரில் இருந்தால், ஐ.பி.ஏ கடிதம் கைக்கு வராமல் கடைசித் தவணையைக் கட்டாதீர்கள். வந்ததும் பதவியையும் சம்பளத்தையும் விளம்பரத்தோடு வைத்துப் பாருங்கள். அமைச்சின் இணையதளத்தில் விண்ணப்ப நிலையை நீங்களே பார்க்கலாம், சிங்கப்பூர் ஏஜென்சிக்கு உரிமம் உண்டா என்று அதே தளத்தில் உள்ள பட்டியலிலும் தேடலாம். நர்ஸ் வேலை என்று சொன்னால், தாதியர் மன்றத்துக்கு எந்த நிறுவனம் விண்ணப்பிக்கிறது, தேர்வு எப்போது என்று கேளுங்கள். ‘தேர்வே இல்லை’ என்று பதில் வந்தால் அது நர்ஸ் வேலை இல்லை. இங்குள்ள பொது மருத்துவமனைகள் தங்கள் தளங்களிலேயே வேலைகளை வெளியிடுகின்றன. சென்னையில் 1978 முதல் இயங்கும் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் பெயரைப் பதிந்து வையுங்கள். மெதுவாக நடக்கும், ஆனால் நகை போகாது.

இங்கே வந்து மாட்டிக்கொண்டவர்கள் மாதாமாதம் விவரமான சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள், டியூட்டி பட்டியலை ஃபோனில் படம் எடுத்து வையுங்கள். 950 வெள்ளி போன்ற சம்பளத்தில் இருப்பவருக்கு வாரம் 44 மணி நேரத்துக்கு மேல் ஒன்றரை மடங்கு கூலியும் வாரத்தில் ஒரு ஓய்வு நாளும் சட்டம் தருகிறது. ஐ.பி.ஏ.யில் எழுதிய சம்பளத்தை உங்கள் எழுத்துச் சம்மதம் இல்லாமல் குறைக்க முடியாது. வேலையில் இருக்கும்போது ஓர் ஆண்டுக்குள், விட்டுவிட்டால் ஆறு மாதத்துக்குள் சம்பளப் புகார் கொடுத்துவிட வேண்டும். தனியாகப் போகப் பயமாக இருந்தால் ஹோம், டி.டபிள்யூ.சி.2 போன்ற தொண்டு அமைப்புகள் இருக்கின்றன. முதலாளியே ஆறு மாதத்துக்குள் வேலையை விட்டு நிறுத்தினால், இங்குள்ள ஏஜென்சி வாங்கிய கட்டணத்தில் பாதியாவது திருப்பித் தர வேண்டும். இதை அவர்களாகச் சொல்ல மாட்டார்கள், நீங்கள் கேட்க வேண்டும்.

இந்தப் பதிவை இப்போது எழுதக் காரணம், போன வாரம் என் சித்தி மகளுக்கு அதே ஆள் வேறு பெயரில் அனுப்பிய விளம்பரம். இந்த முறை, ‘நர்ஸ்களுக்குச் சிங்கப்பூர் அரசு 1 லட்சம் வெள்ளி போனஸ்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார். 2024-இல் அறிவித்த ஏஞ்சல் திட்டத்தைத்தான் சொல்கிறார். அது பொதுச் சுகாதாரத் துறையில் தாதியர் மன்றப் பதிவோடு தாதியராக வேலை செய்பவர்களுக்கு, 20 ஆண்டுகளில் பகுதி பகுதியாகத் தரப்படும் தொகை. வெளிநாட்டவர் குறைந்தது நான்கு ஆண்டுகள் வேலை செய்திருக்க வேண்டும். அட்டென்டன்டாக வருகிறவருக்கு அதில் ஒரு வெள்ளிகூடக் கிடையாது. விளம்பரத்தின் அடியில் பழையபடி ‘தேர்வு தேவையில்லை’ என்று இருக்கிறது, கட்டணம் மட்டும் ஆறு லட்சமாக ஏறியிருக்கிறது. அதன் படத்தை அப்பா கொடுத்த புகாரோடு சேர்த்துவிட்டோம். உங்கள் குழுக்களுக்கும் அது வந்திருந்தால், அனுப்பிய எண்ணும் தேதியும் தெரியும்படி படம் எடுத்து, இ-மைக்ரேட் தளத்தில் நீங்களும் ஒரு புகார் பதியுங்கள்.