மன்னார்குடி பக்கம் ஒரு கற்றல் தோட்டம்: ஆடி முதல் தை வரை

வீட்டுக்குக் கொஞ்சம் காய்கறி போட ஆசைப்படும் டெல்டாக்காரர்கள் ஒரு பயிர்ப் பருவம் முழுக்க இங்கே போய் வாருங்கள். மன்னார்குடிக்குப் பக்கத்தில், பாமணி ஆற்றங்கரை ஊர் ஒன்றில், ஊர்க்காரர்களே சேர்ந்து நடத்தும் தோட்டம் இது. ஞாயிறு காலையில் வகுப்பு. கட்டணம் கிடையாது, களைக்கொத்து மட்டும் நாம் கொண்டுபோக வேண்டும். நான் தையல் கடை வைத்திருக்கிறேன். ஆறாவது படிக்கும் மகளையும் கூட்டிக்கொண்டு ஆடியில் சேர்ந்தேன்.

இப்படி ஓர் இடம் எதற்கு என்று கேட்பவர்கள், மார்க்கெட்டில் காய் எங்கிருந்து வருகிறது என்று விசாரித்துப் பார்க்கட்டும். சுற்றிலும் நெல் விளைகிறது; கத்தரியும் வெண்டையும் ஒட்டன்சத்திரத்திலிருந்து லாரியில் வந்து இறங்குகின்றன. நடவு, களையெடுப்பு எல்லாம் தெரிந்த பெண்களே நம் களிமண்ணில் காய்கறி போடத் தயங்குகிறார்கள். என் மாமியாரும் “இந்த மண்ணுக்கு நெல்லுதான்” என்பார்.

தோட்டத்தில் அதற்கு வாயால் பதில் சொல்லவில்லை. ஆடிப்பெருக்கு கழிந்த ஞாயிறு பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பாத்தி போட வைத்தார்கள். ஒன்று தரைமட்டம். இன்னொன்று மண்ணை உயர்த்தி, மக்கிய சாணமும் இலைதழையும் கலந்து, இரண்டு பக்கமும் வடிகால் வெட்டியது. இரண்டிலும் ஒரே நாற்றங்காலில் எடுத்த பொய்யூர் கத்தரி. புரட்டாசி வரை பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஐப்பசி மழையில் தண்ணீர் கட்டியதும் தரைப்பாத்திச் செடிகள் தலை தொங்கிவிட்டன. மேட்டுப்பாத்தி மார்கழியிலும் காய்த்தது. வாடிய செடியைப் பிடுங்கி, அழுகிய வேரை ஆளுக்கு ஒன்றாகக் கையில் கொடுத்தார்கள். வடிகால் ஏன் வேண்டும் என்று அதற்குப் பிறகு யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இவ்வளவு நேர்மையாகச் சொல்லித்தரும் இடத்தை நான் பார்த்ததில்லை.

கொடிக்காய்களுக்கான பந்தல் வகுப்பு எடுப்பவரை எல்லோரும் அப்பாயி என்றே கூப்பிடுகிறார்கள். பரங்கிப் பூ விடிகாலையில் விரியும், வெயில் ஏறினால் சுருங்கிவிடும் என்பதால் அன்றைக்கு மட்டும் சீக்கிரமே வரச் சொல்லிவிட்டார். “பாப்பா, பூவுக்கு அடியில பிஞ்சு இருக்கு பாரு, அதான் பொண் பூ” என்று காட்டி, ஆண் பூவின் இதழ்களைக் கிள்ளிவிட்டு மகரந்தத்தை என் மகள் கையாலேயே பெண் பூவில் தொட்டு வைக்கச் செய்தார். அடுத்த வாரம் புதிதாக வந்த ஒரு வாத்தியாருக்கு அவள் சொல்லிக்கொடுத்தாள். அவரும் ஒரு மாணவர் மாதிரி குனிந்து நின்று கேட்டார். கற்றதை இன்னொருவருக்குக் காட்ட வேண்டும் என்பது இங்கே வழக்கம்.

விதைக்கும் ஒரு வழக்கம் உண்டு: ஒரு பங்கு வாங்கினால் அறுவடைக்குப் பிறகு இரண்டு பங்காகத் திருப்ப வேண்டும். திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் பாரம்பரிய நெல்லை இப்படித்தான் பரப்பினார். 2 கிலோ கொடுத்து அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திரும்ப வாங்குவார். அதையே இவர்கள் காய்கறி விதைக்கும் வைத்திருக்கிறார்கள்.

குறைகளும் உண்டு. சுரைப் பூ சாயங்காலம்தான் மலரும். வகுப்பு காலையிலேயே நடப்பதால் நாங்கள் பார்த்தது வாடிய பூவைத்தான்; ஒரு மாலை வகுப்பாவது வைக்க வேண்டும். செடிக்குத் தெளிக்கும் பஞ்சகவ்யத்தை 10 லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி கலக்க வேண்டும் என்று எழுதிப் போட்டார்கள், எங்களைக் கூட வைத்துக்கொண்டு செய்து காட்டவில்லை. பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. அதை முதலில் கட்டுங்கள்.

பொங்கல் கழிந்த ஞாயிறு விருந்து. இதற்காகவே இன்னொரு முறை சேர்வேன். ஒவ்வொரு குழுவும் தன் பாத்தியில் விளைந்ததைச் சமைத்துக் கொண்டுவர வேண்டும். பரிமாறுவதற்கு முன் அது எப்படி விளைந்தது என்று சொல்ல வேண்டும். பரங்கி, அவரை, மொச்சை எல்லாம் போட்ட பொங்கல் குழம்பு, கத்தரி வதக்கல், கீரை மசியல். வெண்டைக் குழுவிடம் மட்டும் காய் இல்லை. மஞ்சள் தேமல் நோயில் செடியே போய்விட்டது. அவர்கள் எழுந்து, வெள்ளை ஈ வந்ததை எப்போது கவனித்தார்கள், எந்தச் செடியை முதலில் பிடுங்கியிருக்க வேண்டும் என்று சொன்னார்கள். கூட்டம் அவர்களிடம்தான் அதிகமாகக் கேள்வி கேட்டது. கடைசியில் அவர்கள் இலையில்தான் எல்லாக் குழுவும் போட்டி போட்டுக்கொண்டு பரிமாறின.

அவரைக் குழு அசுவினிப் பூச்சியைப் பற்றிப் பேசும்போது என் மாமியார் எழுந்து, அடுப்புச் சாம்பலைப் பனி ஈரத்தோடு காலையில் தூவச் சொன்னார். ஒரு பையன் அதை நோட்டில் எழுதிக்கொண்டான். இப்போது எங்கள் கொல்லையில் மேட்டுப்பாத்தி போட அவர்தான் இடம் காட்டியிருக்கிறார்.

சேர நினைப்பவர்கள் ஆனி முடிவதற்குள் பெயர் கொடுத்துவிடுங்கள். பாத்தி போடும் ஞாயிறை மட்டும் தவறவிடாதீர்கள். அதற்கப்புறம் நடப்பதெல்லாம் அந்த இரண்டு பாத்தியை வைத்துத்தான்.