ரோக்ஃபோர் குகைச் சீஸ்: ஊருக்கே போய் வாங்கலாமா?

ரோக்ஃபோர் என்பது நீலப்பச்சைப் பூஞ்சை படர்ந்த சீஸ். அதை ஊருக்கே போய்த் தாராளமாக வாங்கலாம். தெற்குப் பிரான்சின் அவேரோன் பகுதியில், கோம்பலூ என்னும் சுண்ணாம்புப் பாறையின் அடிவாரத்தில் இருக்கும் ரோக்ஃபோர்-சுர்-சூல்சோன், ஆயிரம் பேர்கூட இல்லாத ஊர். சுற்றுவட்டாரப் பண்ணைகளின் லக்கோன் இனச் செம்மறி ஆடுகள் கொடுக்கும் காய்ச்சாத பாலில் செய்த சீஸ் இந்த ஊர்க் குகைகளுக்கு வந்துதான் முதிர வேண்டும். இல்லாவிட்டால் ரோக்ஃபோர் என்ற பெயரில் விற்க முடியாது. 1925-இலேயே இதற்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்துவிட்டது. ஊரின் பிழைப்பே இந்த ஒரு பொருள்தான். 1999-இல் அமெரிக்கா இதற்கு 100 சதவீத வரி போட்டபோது ஆடு வளர்ப்பவர்கள் கொதித்தெழுந்தது அதனால்தான்.

சொசியேத்தே, பாப்பியோன் இரண்டு நிறுவனங்களும் தங்கள் குகைகளைச் சுற்றிக்காட்டுகின்றன. பாறை வெடிப்புகள் வழியே ஈரக்காற்று தானாகவே வந்துபோகிறது. உள்ளே பத்து டிகிரி போலத்தான் இருக்கும். கோடையிலும் ஸ்வெட்டர் வேண்டும். படிகள் அதிகம், முழங்கால் வலி உள்ளவர்கள் யோசிக்கவும்.

வாங்கும்போது முழு வட்டு (சக்கர வடிவச் சீஸ்) வேண்டாம், அது இரண்டரை கிலோவுக்குக் குறையாது. வெட்டிய துண்டைப் பார்த்து வாங்குங்கள். தந்த நிறத்தில், ஈரப்பதமாக, நீலப்பச்சைப் பூஞ்சை நடுவிலிருந்து ஓரம்வரை பரவியிருந்தால் நல்ல சரக்கு. பூஞ்சை வளரக் காற்று வேண்டும். அதற்காகவே வட்டை ஊசிகளால் குத்துகிறார்கள். உள்ளே இடைவெளி இல்லாமல் இறுகிவிட்டால் காற்று நுழையாது, பூஞ்சை இல்லாத வெள்ளைத் திட்டுகள் அப்படியே தங்கிவிடும், சுவையும் தட்டையாகிவிடும். பழுப்பேறி, நீர் கசிந்து, அம்மோனியா நெடி அடித்தால் தொடாதீர்கள். சுவைத்துப் பார்க்கத் தயங்காமல் கேளுங்கள். கார்ல் என்ற சிறிய நிறுவனத்தின் சீஸ் கிடைத்தால் அதற்கே என் ஓட்டு: வெண்ணெய்போலக் கரைந்து, உப்பும் காரமும் பிறகே வரும்.

உப்பை வெளிப்புறத்தில் தேய்ப்பதால் ஓரம் கரிக்கும், பூஞ்சை நடுவில் அதிகம். ஆகவே ஒவ்வொரு துண்டிலும் இரண்டும் வரும்படி, நடுமுனையிலிருந்து விசிறிபோல வெட்டுங்கள். ஃபாயிலில் சுற்றி ஃபிரிட்ஜின் காய்கறித் தட்டில் வையுங்கள். சாப்பிட ஒரு மணி நேரம் முன்பே வெளியே எடுத்துவிடுங்கள், குளிர்ந்திருந்தால் உப்பு மட்டுமே தெரியும்.

காய்ச்சாத பால் என்பதால் கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டும். பாலை உறைய வைப்பது ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட். சுத்த சைவர்களுக்கு இது ஆகாது.